தனிநபருக்கு உதவித்தொகை: டிரஸ்டா, சங்கமா, கம்பெனியா, எதுவுமே வேண்டாமா?

தாயின் நினைவாக ஆண்டுதோறும் நான்கைந்து மாணவர்களுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட நினைக்கும் குடும்பமும், உடன் படித்த ஒருவரின் அறுவை சிகிச்சைக்குப் பணம் திரட்டத் தொடங்கி அதையே நிரந்தர ஏற்பாடாக்க விரும்பும் பழைய மாணவர் குழுவும் ஆடிட்டரிடம் போனதும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "80ஜி கிடைக்குமா?" என்பதுதான். 80ஜி என்பது நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் பிரிவு; அது பணம் கொடுப்பவரின் கேள்வி. எந்தச் சட்ட வடிவம் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பதோ வாங்குபவர் யார், அவரை யார் தேர்ந்தெடுக்கிறார் என்ற கேள்வி. சிறிய அறக்கட்டளைகள் சிலவற்றின் கணக்குப் புத்தகங்களோடு பல ஆண்டுகள் பழகியதில் எனக்குத் தெரிந்தவரை, பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்தவையே.

ஆகவே ஒப்பிடத் தொடங்குமுன் ஒன்றை முடிவுசெய்துகொள்ள வேண்டும். உதவி பெறப்போகிறவரின் பெயர் உங்களுக்கு இப்போதே தெரியுமா? தெரியும் என்றால், அது எவ்வளவு உருக்கமான காரணத்துக்காக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அன்பளிப்புதான். பொது அறத்துக்கான வடிவம் எதுவும் அதற்குப் பொருந்தாது. "இன்ன தகுதியுள்ள யாராயினும்" என்று சொல்லிவிட்டு, விண்ணப்பம் வாங்கி, அதிலிருந்து தேர்ந்தெடுக்கும் மனநிலை இருந்தால் மட்டுமே டிரஸ்ட், சங்கம், கம்பெனி என்ற பேச்சு தொடங்குகிறது.

இங்கே சொல்லப்படுபவை இந்தியச் சட்டங்கள். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆனால் ஆடிட்டர் அலுவலகங்களில் இன்னும் 80ஜி, 12ஏபி (அறநிறுவனத்துக்கு வரிவிலக்குத் தரும் பதிவு) என்றே பேசுகிறார்கள் என்பதால் பழைய எண்களையே பயன்படுத்துகிறேன்.

எந்த அமைப்பும் இல்லாமல் நேரடியாகக் கொடுப்பது

இதைப் பலரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. எனக்கோ, பாதிப் பேருக்கு இதுவே போதும் என்று தோன்றுகிறது. வரி கட்டிய உங்கள் பணத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பதிவு இல்லை, தணிக்கை இல்லை, கூட்டக் குறிப்பு இல்லை. கொடுப்பவருக்கு வரிக் கழிவும் இல்லை.

சிக்கல் வாங்குபவர் பக்கம் வரலாம். வருமான வரிச் சட்டத்தின் 56(2)(எக்ஸ்) பிரிவின்படி, ஒருவர் ஓராண்டில் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து கைம்மாறில்லாமல் பெற்ற பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமன்றி முழுத் தொகையும் அவருடைய வருமானமாகக் கணக்கிடப்படும். வேறு வருமானமே இல்லாத மாணவருக்கு இதனால் வரி வருவது அரிது. கல்விச் செலவை ஈடுகட்ட வழங்கப்படும் உதவித்தொகைக்கு 10(16) பிரிவு தனியே விலக்கும் தருகிறது. மருத்துவ உதவிக்கு அப்படிப் பொதுவான விலக்கு இல்லை. மாதச் சம்பளம் வாங்கும் ஒருவருடைய மகளின் சிகிச்சைக்கு நண்பர்கள் சேர்ந்து 3 லட்சம் ரூபாயை அவர் கணக்கில் போட்டால், அந்த 3 லட்சமும் அவருடைய சம்பளத்தின் மேல் ஏறிவிடும். அதே தொகை 12ஏபி பதிவு பெற்ற அறக்கட்டளையிலிருந்து வந்தால், அவர் அந்த அறக்கட்டளையின் நிறுவனரோ அறங்காவலரோ அவர்களின் உறவினரோ அல்லாதவரை, வரி இல்லை. வாங்குபவர் பக்கத்திலிருந்து பார்த்தால், அறக்கட்டளை வைப்பதற்கான வலுவான காரணம் 80ஜி அன்று, இதுதான்.

உறவினர் என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் வேடிக்கையானது. பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் உறவினர் பட்டியலில் இருப்பதால், மாமா தன் அக்கா மகனுக்குப் படிப்புக்காக எவ்வளவு கொடுத்தாலும் வாங்குபவருக்கு வரி இல்லை. அந்த அக்கா மகன் வேலைக்குப் போய், நன்றி மறவாமல் மாமாவின் இதய அறுவைக்குப் பணம் கொடுத்தால், உடன்பிறந்தவரின் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இல்லாததால், மாமாவுக்கு அது வரிக்குரிய வருமானமாகிவிடும். சித்தப்பா பிள்ளை, அத்தை மகள் என்று நாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக வளர்ந்தவர்களும் பட்டியலில் இல்லை.

ஒருவரோ ஒரு குடும்பமோ தங்கள் சொந்தப் பணத்தைக் கொடுப்பதுவரை இந்த வழி பழுதில்லாதது. பலருடைய பணம் ஒருவர் கணக்கில் சேரத் தொடங்கும் இடத்தில்தான் அது உடைகிறது. எனக்குத் தெரிந்த ஒரு குழுவில், உடன் படித்தவர்கள் மாதந்தோறும் அனுப்பிய தொகை ஒரு நண்பரின் சேமிப்புக் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தது. அவர் நேர்மையானவர், ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கும் எழுதிவைத்திருந்தார். அவர் திடீரென்று காலமானபோது, கணக்கில் நாமினியாக இருந்த மனைவிக்கு அந்தப் பணத்தில் கணவருடையது எது, குழுவினுடையது எது என்று பிரித்துப் பார்க்க வழி தெரியவில்லை. வாட்ஸ்அப் செய்திகளை அச்செடுத்து, வங்கிக் கணக்கு விவரத்தின் பக்கத்தில் வைத்து, வரிவரியாகப் பென்சிலால் குறியிட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது. துக்க வீட்டில் செய்யக்கூடிய வேலையா அது? மூன்றாவது ஆள் ஒருவர் பணம் போடத் தொடங்கும் நாளிலேயே சேமிப்புக் கணக்கைக் கைவிட்டு ஒரு வடிவத்துக்குப் போய்விட வேண்டும் என்பது அன்றிலிருந்து என் கருத்து.

தனியார் டிரஸ்ட்

இதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்கானது. பொது அறங்கள் அதன் வரம்புக்குள் வருவதில்லை என்று அச்சட்டமே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறது. மாற்றுத்திறனாளி மகனின் வாழ்நாள் பராமரிப்பு, இறந்துபோன தம்பியின் பிள்ளைகள் படிப்பு என்று பெயர் சொல்லக்கூடிய பயனாளிகள் இருந்தால் இது பொருத்தமான கருவி. 80ஜி கிடையாது, அறநிறுவன வரிவிலக்கு கிடையாது, யாருக்கு எவ்வளவு என்று பங்கைக் குறிப்பிடாமல் அறங்காவலர் விருப்பத்துக்கு விட்டால் வருமானத்துக்கு உச்ச வரி விகிதம் விதிக்கப்படும். பொது அறத்தைப் போலத் தலைமுறை தலைமுறையாகப் பணத்தைக் கட்டிவைக்கவும் சட்டம் இடம் தராது. குடும்பத்துக்குள் உதவ நினைப்பவர்கள் இதைத் தவிர்த்துவிட்டுப் பொது அறக்கட்டளை தொடங்கி, அதிலிருந்து சொந்தக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பார்ப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு. அதன் விலை என்ன என்பதைக் கீழே பார்ப்போம்.

ஏற்கெனவே இருக்கும் நிறுவனத்தில் நிதி வைப்பது

கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ மருத்துவமனை நடத்தும் அறக்கட்டளையிலோ ஒரு தொகையைக் கட்டி, அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கச் சொல்வது பழைய, எளிய முறை. பல்கலைக்கழகங்களில் இதையே "அறக்கட்டளை நிறுவுதல்" என்கிறார்கள். விண்ணப்பம், தேர்வு, தணிக்கை, வருமான வரிக் கணக்கு என எல்லாச் சுமையும் நிறுவனத்தினுடையது; நிறுவனத்துக்கு 80ஜி இருந்தால் கொடுப்பவருக்குக் கழிவும் உண்டு.

குறை இரண்டு. ஒன்று, பணவீக்கம். 5 லட்சம் ரூபாயை 7 விழுக்காடு வட்டிக்கு வைத்தால் ஆண்டுக்கு 35,000 ரூபாய் கிடைக்கும். இன்று அது ஒரு கலைக்கல்லூரி மாணவருக்கு உதவியாக இருக்கலாம். வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் செலவிட்டுவிட்டால் 20 ஆண்டு கழித்தும் அது 35,000 ரூபாயாகவேதான் இருக்கும். தாத்தா காலத்தில் தங்கப் பதக்கத்துக்கென வைத்த நிதியின் வட்டி, இன்று பதக்கத்தை வைக்கும் பெட்டிக்கும் போதாத நிலையைப் பலரும் பார்த்திருப்பார்கள். வட்டியில் ஒரு பகுதியை மூலதனத்தோடு சேர்த்துக்கொண்டே போக வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது இதற்குப் பாதி மருந்து. இரண்டாவது குறை, பிடி விட்டுப்போவது. துறைத்தலைவர் மாறினால், அலுவலகத்தில் அந்தக் கோப்பை அறிந்த எழுத்தர் ஓய்வுபெற்றால், உதவித்தொகை அறிவிப்பே வராத ஆண்டுகள் உண்டு. யாருக்கு வழங்கப்பட்டது என்று ஆண்டுக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்பதையும், அந்தப் படிப்போ துறையோ மூடப்பட்டால் நிதி எந்த நோக்கத்துக்குப் போக வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் காசோலையைக் கொடுக்கக் கூடாது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த, அதிகம் பேசப்படாத ஒரு வழியும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1890ஆம் ஆண்டின் அறக்கொடைச் சட்டத்தின்கீழ், வறியோர் நிவாரணம், கல்வி, மருத்துவம், பொதுநலம் ஆகியவற்றுக்கான சொத்தை அரசு நியமிக்கும் அறக்கொடைப் பொருளாளரிடம் ஒப்படைத்து, அரசு வகுக்கும் திட்டத்தின்படி வருமானத்தைச் செலவிடச் செய்யலாம். சொத்து பாதுகாப்பாக இருக்கும். ஆனால் எல்லாம் அரசு அலுவலக வேகத்தில் நடக்கும். வாரிசு இல்லாதவர்கள், தங்களுக்குப் பின் நிர்வகிக்க நம்பிக்கையான ஆள் இல்லாதவர்கள் யோசிக்கத் தக்க வழி இது. மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொது அறக்கட்டளை

தமிழ்நாட்டில் "டிரஸ்ட்" என்றால் பெரும்பாலும் மனதில் வருவது இதுதான். தொடங்குவது எளிது, அந்த எளிமையே வலை. இந்தியா முழுமைக்கும் பொருந்தும் பொது அறக்கட்டளைச் சட்டம் என்று ஒன்று இல்லை. மகாராஷ்டிரத்தில் 1950ஆம் ஆண்டிலிருந்து தனிச்சட்டமும் அறநிலைய ஆணையரும் உண்டு. தமிழ்நாட்டில், சமயச் சார்பற்ற அறக்கட்டளைக்கு அப்படிப்பட்ட மேலாளர் இல்லை. பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்து, பான் எண் வாங்கி, வங்கிக் கணக்குத் தொடங்கினால் வேலை முடிந்தது. அறங்காவலர்கள் தவறிழைத்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்கீழ் அரசுத் தலைமை வழக்குரைஞரோ, நீதிமன்ற அனுமதியோடு அக்கறையுள்ள இருவரோ வழக்குத் தொடுக்கலாம். அன்றாடக் கண்காணிப்பு என்று பார்த்தால் அது வருமான வரித்துறையிடமிருந்தே வருகிறது.

வரித்துறையின் ஏற்பாடு இப்படி: முதலில் 3 ஆண்டுக்குத் தற்காலிகமாக 12ஏபி பதிவு தருவார்கள்; செயல்பாட்டைக் காட்டியபின் 5 ஆண்டுக்கு முறையான பதிவு. ஆண்டு வருமானம் 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத சிறிய நிறுவனங்களுக்கு அது 10 ஆண்டு என 2025இல் நீட்டப்பட்டது. ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அறநோக்கத்துக்குச் செலவிட வேண்டும்; முடியாவிட்டால் குறிப்பிட்ட நோக்கத்தைச் சொல்லி 5 ஆண்டுவரை சேர்த்துவைக்கலாம். கொடுப்பவர் "இது மூலதன நிதிக்கு" என்று எழுதிக் கொடுத்த தொகை, சட்டம் அனுமதிக்கும் முதலீடுகளில் வைக்கப்பட்டிருக்கும்வரை இந்தக் கணக்கில் சேராது.

மாணவர்களுக்குத் திருப்பித் தரும் நிபந்தனையோடு கொடுக்க விரும்புவோருக்கு ஒரு பயனுள்ள செய்தி: கல்விக்கடனாகக் கொடுத்த தொகையையும் அறநோக்கச் செலவாகவே கொள்ளலாம், அது திரும்பி வரும் ஆண்டில் வருமானமாகக் காட்ட வேண்டும் என்று நேரடி வரிகள் வாரியம் 1973ஆம் ஆண்டின் 100ஆம் எண் சுற்றறிக்கையில் விளக்கியிருக்கிறது. இலவசமாக வாங்கத் தயங்கும் குடும்பங்கள் உண்டு என்பதை அறிந்தவர்களுக்கு இந்த வழியின் அருமை தெரியும்.

இனி, தனிநபருக்குக் கொடுப்பதில் பொது அறக்கட்டளைகள் தடுக்கி விழும் இரண்டு இடங்கள்.

முதலாவது, சொந்தக்காரர்கள். நிறுவனர், அறங்காவலர், பெருந்தொகை கொடுத்தவர், நிறுவனர்-அறங்காவலர்களின் உறவினர் ஆகியோருக்கு அறக்கட்டளையின் பணம் நேராகவோ சுற்றுவழியிலோ பயன்படக் கூடாது என்கிறது 13(1)(சி) பிரிவு. இங்கே உறவினர் என்பதில் உடன்பிறந்தவரின் பிள்ளைகளும் அடக்கம். அறங்காவலரின் அண்ணன் மகள் உண்மையிலேயே வறியவளாக, நல்ல மதிப்பெண் பெற்றவளாக இருந்தாலும், அவளுக்கு 50,000 ரூபாய் கொடுத்தால், அந்தத் தொகைக்கு 30 விழுக்காடு வரியும் முதல்முறை என்றால் அதே 50,000 ரூபாய் அளவுக்குத் தண்டமும், மறுமுறை நடந்தால் இரு மடங்கு தண்டமும் விதிக்கப்படலாம். அந்தப் பெண்ணுக்கு அறங்காவலர் தம் சொந்தப் பையிலிருந்து கொடுத்திருந்தால் யாருக்கும் ஒரு ரூபாய் வரி வந்திருக்காது. குடும்பத்துக்கு முன்னுரிமை தரும் அறக்கட்டளையைப் பொது அறம் என்று ஏற்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1973இல் கோர்தன்தாஸ் கோவிந்த்ராம் குடும்ப அறக்கட்டளை வழக்கில் சொல்லிவிட்டது. "எங்கள் வம்சத்து ஏழைப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை" என்று பத்திரத்தில் எழுதச் சொல்லும் பெரியவர்களிடம் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடமான வேலைதான்.

இரண்டாவது, சமூகம். குறிப்பிட்ட சாதிக்கோ மதத்தினருக்கோ என்று நிறுவப்பட்ட அறக்கட்டளைக்கு 13(1)(பி) பிரிவு வரிவிலக்கை மறுக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கென நிறுவப்படுவதை அந்தத் தடை தொடாது. ஆகவே "எங்கள் சமூக மாணவர்களுக்கு" என்று தொடங்கும் வாசகத்தை எழுதுமுன், அந்த விதிவிலக்குக்குள் நோக்கம் வருகிறதா என்பதை வழக்குரைஞரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இந்த இரண்டையும் தாண்டிவிட்டால் மீதமிருப்பது ஆவண ஒழுங்கு. நன்றாக நடக்கும் ஓர் அறக்கட்டளையின் கோப்பு ஒன்றைப் பிரித்தால் இப்படி இருக்கும்: மாணவியின் விண்ணப்பம், வட்டாட்சியர் அலுவலக வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், கல்லூரியின் போனஃபைட் சான்றிதழ், கட்டண விவரம், கல்லூரிக் கணக்குக்கே பணம் அனுப்பியதற்கான வங்கிக் குறிப்பு, கல்லூரி தந்த ரசீது. அதோடு மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு பத்தி: இத்தனை விண்ணப்பங்கள் வந்தன, இன்னின்ன அளவுகோலின்படி இத்தனை பேர் தேர்வானார்கள், தேர்வானவர்களில் எவரும் அறங்காவலருக்கு உறவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும் வழக்கம் உள்ள அறக்கட்டளைகள் மிகக் குறைவு. விசாரணை வரும் நாளில் அந்த ஒற்றை வரியின் மதிப்பு தெரியும். யாருக்கு, எந்த நோக்கத்துக்கு, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற பதிவுகளை 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது அறநோக்கச் செலவாகவே கணக்கிடப்படாது என்பதால், மேடையில் வைத்து உறையில் பணம் கொடுக்கும் வழக்கத்தைக் காசோலையின் நகலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நன்கொடையாளருக்கான 80ஜி பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். இத்தகைய பொது அறக்கட்டளைகள், சங்கங்களுக்குக் கொடுத்ததில் பாதித் தொகைக்கு, மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு என்ற உச்சவரம்புக்குள், கழிவு கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்குக் கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அறவே கிடையாது. சம்பளக்காரர்கள் பலரும் புதிய முறைக்கு மாறிக்கொண்டிருக்கையில், 80ஜிக்காகவே அமைப்பு தொடங்குவது ஆள் வராத வீட்டுக்குப் பந்தல் போடுவது போல ஆகலாம்.

பத்திரம் எழுதுவதில் கஞ்சத்தனம் கூடாது. அறக்கட்டளையின் நோக்கத்தைப் பின்னால் மாற்றுவது மிகக் கடினம். "இன்ன பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மட்டும்" என்று எழுதி, அந்தப் பள்ளி மூடப்பட்டால், மூல நோக்கத்துக்கு மிக நெருங்கிய நோக்கத்துக்குப் பணத்தைத் திருப்பிவிட நீதிமன்றத்தின் உதவியை நாட வேண்டியிருக்கும். முத்திரைத்தாள் விற்பவரிடம் ஆயத்தமாக இருக்கும் மாதிரிப் பத்திரத்தில் பெயர்களை மட்டும் மாற்றிப் பதிவுசெய்த அறக்கட்டளைகளைப் பார்க்கும்போது, வீட்டுக் கிரயப் பத்திரத்துக்குக் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட இதற்குக் காட்டவில்லையே என்று தோன்றும்.

சங்கம்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் குறைந்தது 7 பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவுசெய்யலாம். வரிவிலக்கு, 80ஜி, சொந்தக்காரர் விதி ஆகிய எல்லாம் அறக்கட்டளைக்கு உள்ளவையே. வேறுபாடு அதிகாரம் இருக்கும் இடத்தில். அறக்கட்டளையில் அறங்காவலர்கள் முடிவெடுத்தால் போதும். சங்கத்தில் உறுப்பினர்கள்தான் உரிமையாளர்கள், ஆண்டுப் பொதுக்குழு, நிர்வாகிகள் தேர்தல், மாவட்டப் பதிவாளருக்கு ஆண்டுதோறும் கணக்கு என்று கடமைகள் தொடர்கின்றன.

முந்நூறு பேர் சந்தா கட்டி, தங்கள் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமையையும் விரும்பும் பழைய மாணவர் குழுவுக்கு இது இயல்பான சட்டை. ஒரே குடும்பத்தின் பணத்தை வைத்துக்கொண்டு, எண்ணிக்கைக்காக வாடகைக்காரர், ஓட்டுநர், பக்கத்து வீட்டுக்காரர் என ஏழு கையெழுத்து வாங்கிச் சங்கம் தொடங்குவது பத்து ஆண்டு கழித்து வரப்போகும் வழக்குக்கு இன்றே மனு எழுதிவைப்பதாகும்; ஏனென்றால் அந்த ஏழு பேருக்கும் வாக்கு உண்டு. தனிநபர் உதவியில் சங்கத்துக்கு இன்னொரு நுண்ணிய சிக்கல்: உறுப்பினர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் மட்டும் உதவும் சங்கம் பரஸ்பர உதவிச் சங்கமே தவிர, பொது அறம் ஆகாது. உதவி பெறும் வட்டம் உறுப்பினர் பட்டியலுக்கு வெளியே இருக்க வேண்டும்.

எட்டாம் பிரிவு கம்பெனி

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் உரிமம் பெற்று, இலாபத்தைப் பங்கிடாமல் அறநோக்கத்துக்கே பயன்படுத்தும் கம்பெனி இது. பழைய சட்டத்தில் 25ஆம் பிரிவு. இரண்டு பேர் போதும்; ஒருநபர் கம்பெனி வடிவத்தில் மட்டும் தொடங்க முடியாது. இந்தியா முழுவதும் ஒரே சட்டம், கணக்குகள் யாரும் பார்க்கக்கூடிய பொது ஆவணம், நிர்வாகத்தை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாற்றுவது எளிது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியான சிஎஸ்ஆர் பணத்தை எதிர்பார்ப்பவர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் இந்தத் தெளிவே. சட்டப்படி, 12ஏபி, 80ஜி பதிவுகளும் 3 ஆண்டுச் செயல்பாடும் உள்ள அறக்கட்டளையும் சங்கமும்கூட அந்தப் பணத்தைப் பெறலாம். ஆனால் தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் உதவியை எந்தக் கம்பெனியும் சிஎஸ்ஆர் கணக்கில் எழுத முடியாது.

இதற்குக் கொடுக்கும் விலை, ஒழுங்கு. பணமே வராத ஆண்டிலும் தணிக்கை கட்டாயம். இயக்குநர் கூட்டங்கள், பொதுக்கூட்டம், ஆண்டுக் கணக்கும் ஆண்டு அறிக்கையும் தாக்கல். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டு படிவங்களை ஓர் ஆண்டு மறந்தால் 73,000 ரூபாய். நாலு மாணவர்களின் படிப்பு. ஆண்டுக்கு மூன்று, நான்கு லட்சம் ரூபாய் மட்டும் கொடுக்க எண்ணுவோருக்கு இது தேவையில்லாத கனம். பல மாவட்டங்களில் சம்பளத்துக்கு ஆள் வைத்து, நூற்றுக்கணக்கானோருக்கு வழங்கத் திட்டமிடுவோருக்குப் பொருந்தும்.

வெளிநாட்டுப் பணம்

இந்தக் கேள்வி எழும் இடத்தில் மேலே சொன்ன ஒப்பீடு பாதி செல்லாததாகிவிடும். வெளிநாட்டில் வாழ்ந்தாலும் இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே குழுவில், உடன் படித்து, அமெரிக்கக் குடியுரிமையோ சிங்கப்பூர்க் குடியுரிமையோ பெற்றுவிட்ட நண்பர் அனுப்பும் 5,000 ரூபாய் வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்காற்றுச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இல்லாத டிரஸ்ட் அதை வாங்கக் கூடாது. பதிவுக்குப் பொதுவாக 3 ஆண்டுச் செயல்பாடும் அந்த 3 ஆண்டில் 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும். 2020இல் வந்த திருத்தத்துக்குப் பின், பணம் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும், நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, ஓர் அமைப்பு பெற்ற பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றவும் கூடாது. சிறிய குழுக்களுக்கு நான் சொல்வது: குடியுரிமை மாறியவர்களிடம் பணம் வாங்காதீர்கள், அவர்கள் ஏற்கெனவே பதிவுள்ள நிறுவனத்துக்கு நேரடியாகக் கொடுக்கட்டும். நண்பர்களுக்குள் மனக்கசப்பு வரும்தான். பாஸ்போர்ட்டின் நிறத்தைக் கேட்டு நன்கொடை வாங்குவது யாருக்கு உவப்பாக இருக்கும்?

வெளியே வரும் வழி

தொடங்கும்போது யாரும் கேட்காத கேள்வி, மூடுவது எப்படி என்பது. நேரடியாகக் கொடுத்துவந்தவர் நாளை நிறுத்தினால் நிறுத்தியதுதான். நிறுவனத்தில் வைத்த நிதி திரும்பி வராது; அது தெரிந்தே வைக்கிறோம். 12ஏபி பதிவு பெற்ற அறக்கட்டளையோ சங்கமோ எட்டாம் பிரிவு கம்பெனியோ என்றால், கலைக்கும்போது மீதமுள்ள சொத்தை 12 மாதங்களுக்குள் பதிவு பெற்ற வேறொரு அறநிறுவனத்துக்கு மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் 115டிடி பிரிவின்படி, கடன் போக எஞ்சும் சொத்தின் சந்தை மதிப்பு முழுவதற்கும் உச்ச விகிதத்தில் வரி. குடும்பத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியே இல்லை.

2023ஆம் ஆண்டிலிருந்து இந்த வரி இன்னொரு கதவு வழியாகவும் வரலாம்: பதிவைப் புதுப்பிக்க உரிய காலத்தில் விண்ணப்பிக்கத் தவறினாலும் அதே விளைவு. தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் மன்னிக்கும் அதிகாரம் 2024இல் வருமான வரி ஆணையருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றாலும், அதை நம்பி இருக்க முடியாது. மூலதனமாக 40 லட்சம் ரூபாயை வைப்புநிதியில் போட்டுவிட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கு ஐந்தாறு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் முதியவர் ஒருவரின் அறக்கட்டளையில், புதுப்பிக்க வேண்டிய தேதியை நினைவில் வைத்திருப்பவர் அவர் ஒருவரே என்றால், அவருடைய பணத்துக்குப் பொருத்தமான இடம் கல்லூரியின் உதவித்தொகை நிதியே. நாற்பது வயதுக்குட்பட்ட, உறவுக்காரர் அல்லாத அறங்காவலர் ஒருவராவது கிடைத்து, தேதிகளும் கோப்புகளும் அவர் கைக்கும் போன பிறகு பொது அறக்கட்டளையைப் பதிவுசெய்யலாம். அதுவரை கல்லூரிக் கணக்குக்கு நேரடியாகக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பதில் மாணவருக்கு எந்தக் குறையும் இல்லை.